இரண்டாவது நங்கூரம்

1. தண்ணீரைப் பார்க்கும் வேலை

கப்பலில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது.

எழுபதுகளின் நடுவில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருந்த மலேசியக் கடற்படை முகாமில் பயிற்சியை முடித்துவிட்டு வந்திருந்தேன். பீரங்கிக்கு அனுப்புவார்கள், இல்லாவிட்டால் எஞ்சின் அறைக்கு அனுப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். சர்வே கப்பலுக்கு அனுப்பினார்கள். கடலின் ஆழத்தை அளந்து வரைபடத்துக்குக் கணக்குக் கொடுக்கும் கப்பல் அது. ஏறிய மறுநாள் காலை பிந்தாரா பதவியில் இருந்த மேலாள் ஒருவர் என்னைப் படகில் கூட்டிப்போய், கிள்ளான் ஆற்று முகத்தில் மீன்காரர்கள் கட்டியிருந்த மரமேடை ஒன்றில் இறக்கிவிட்டார். மேடையின் கால் ஒன்றில், கறுப்பும் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட நீண்ட பலகையைக் கட்டி வைத்திருந்தார்கள்.

"தண்ணி எந்தக் கோட்டுல நிக்குதுன்னு பாத்து எழுதிக்கிட்டே இரு. தூங்காத," என்று மலாயில் சொன்னார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"கடல் ஏறுது, இறங்குது. ஏறும்போது அளந்த ஆழமும் இறங்கும்போது அளந்த ஆழமும் ஒண்ணா இருக்குமா? நீ எழுதறதைக் கழிச்சாத்தான் உண்மையான ஆழம் தெரியும்."

படகு போய்விட்டது. நான் கிள்ளானில் பிறந்தவன். அப்பா துறைமுகக் கிடங்கில் மூட்டை ஏற்றும் லோரியில் வேலை பார்த்தவர். கடல் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் அதை அப்படி ஒரு நாள் முழுக்க நான் பார்த்ததே கிடையாது. சிவப்புக் கோட்டில் நின்ற தண்ணீர், நான் கண்ணை எடுக்காமல் பார்க்கும்போதே, எப்போது நகர்ந்தது என்று தெரியாமல் வெள்ளைக் கோட்டில் நின்றது. மதியத்துக்குமேல் மேடையே மெதுவாக வானத்துக்குள் ஏறிப்போவதுபோல் இருந்தது. தூங்கவில்லை. ஆனால் விழித்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது.

கடற்படையில் சேர நினைக்கும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது பதவி உயர்வைப் பற்றித்தான். அதனால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்ததும் நீங்கள் லாஸ்கார், அதாவது சாதாரண மாலுமி. அதில் இரண்டாம் கிளாஸ், முதல் கிளாஸ் என்று இரண்டு படி. அடுத்தது லாஸ்கார் கானான். கைச்சட்டையில் ஒரு நங்கூரம் ஏறும். அதற்கு மேலே பிந்தாரா மூடா. அப்போது இரண்டு நங்கூரங்கள் குறுக்கே போட்டமாதிரி இருக்கும். பிறகு பிந்தாரா கானான். எல்லாவற்றுக்கும் மேலே வாரண்ட் ஆபீசர். லாஸ்கார் கானான் வரைக்கும் ஒழுங்காக வேலை செய்து, கோர்ஸை முடித்தால் காலம் உங்களை ஏற்றிவிடும். அங்கிருந்து பிந்தாரா மூடா ஆவதுதான் சங்கடம். அதற்குக் காலி இடம் வேண்டும், பரீட்சை பாஸாக வேண்டும், அதிகாரிகள் உட்கார்ந்து கேள்வி கேட்கும் தேர்வு போர்டு முன்னால் போய் நிற்க வேண்டும். நல்ல ஆட்கள் பலர் அந்த ஒற்றை நங்கூரத்தோடே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் சர்வே பிரிவில் இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். லாஸ்கார் தண்ணீருக்குப் பக்கத்தில் மேடையில் உட்கார்ந்திருப்பான். லாஸ்கார் கானான் படகை ஓட்டுவான். பிந்தாரா, கப்பலின் மேல்தளத்து வரைபட அறையில் மேஜைக்கு முன்னால் நிற்பார். படியேறுவது என்றால் தண்ணீரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருவது.

2. ஒரு இடம், இரண்டு பேர்

சிவபாலனும் நானும் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். பயிற்சி முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். கப்பலிலும் அவனுக்கு மேல் படுக்கை, எனக்குக் கீழ்ப் படுக்கை. அவன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பையன். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம். அவன் அப்பா ரயில்வேயில் கிளார்க். மகனும் ஏதாவது ஓர் அலுவலகத்தில் கழுத்துப்பட்டையோடு உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டவர். "என் தகப்பன் இன்னைக்கும் சொந்தக்காரங்ககிட்ட நான் 'கவர்ன்மென்ட் சர்வீஸ்'னுதான் சொல்றாரு, கப்பல்னு சொல்ல மாட்டாரு," என்று பாலன் சிரிப்பான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பிரிவில் பிந்தாரா மூடாவுக்கு ஓர் இடம் காலியானது. ஒரே ஓர் இடம். அதற்குத் தகுதியாக இருந்த லாஸ்கார் கானான்கள் நாங்கள் இரண்டு பேர். சர்வீஸ் நம்பரில் நான் அவனுக்கு முன்னால். பரீட்சையை இருவருமே தாண்டிவிட்டோம். லூமுட் கடற்படைத் தளத்தில் நடக்கும் போர்டு மட்டும்தான் மிச்சம்.

லீவு கிடைத்த வாரக்கடைசிகளில் அவன் வீட்டுக்குப் போய் இருவரும் சேர்ந்து படித்தோம். ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்தால் எதிரே தண்டவாளங்கள் விரிந்து கிடக்கும். பொழுது சாய்ந்ததும் சிக்னல் விளக்குகள் சிவப்பும் பச்சையுமாக ஒவ்வொன்றாகக் கண் திறக்கும். அவற்றையே கப்பல் விளக்குகளாக வைத்து எதிரெதிர்க் கப்பல்களின் விதிகளை ஒப்பித்தோம். "வலப்பக்கம் சிவப்புத் தெரியுது. யார் வழிவிடணும்?" என்பான். "நான்தான்," என்பேன். சமையலறையில் மீன் குழம்பு கொதிக்கும். ரயில்பெட்டிகளை மாற்றிக் கோக்கும் சத்தம் தூரத்தில் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அந்த ரயில் முற்றம் முழுக்க இருட்டுத் தண்ணீராகவும், போய்க்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் மிதந்து போவதாகவும் எனக்குத் தோன்றும். இருவரில் ஒருவனுக்குத்தான் என்பதை நாங்கள் பேசவே இல்லை. பேசாமல் இருப்பது அப்போது சுலபமாக இருந்தது.

எனக்கு அந்த இடம் ஏன் வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். என் மனைவி கமலா கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜாலான் மேரு பக்கம் ஒரு வாடகை வீட்டில் எங்கள் மகளோடு இருந்தாள். கப்பல் மாதக்கணக்கில் போய்விடும். நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் மகள் கமலாவின் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். "அப்பாதான்டி, போ," என்று கமலா இழுத்து முன்னால் விட்டாலும் வரமாட்டாள். பிந்தாரா மூடா ஆனால் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். கோலாலம்பூர் அலுவலகத்தில் கரைப்பணிக்கும் முறை வரும். கமலா அதைப்பற்றி அதிகம் பேசமாட்டாள். ஆனால் ஒருமுறை, துணி மடித்துக்கொண்டே, "குவார்ட்டர்ஸ்ல ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டாள்.

3. திட்டு

அந்த வருடம் போர்ட் கிள்ளானின் தெற்கு வாசலுக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தோம். தேர்வு போர்டுக்கு முந்தைய நாள். மாலையில் துறைமுக ஜெட்டியிலிருந்து, அதாவது படகுத்துறையிலிருந்து, லூமுட்டுக்கு ஒரு கடற்படை லோரி புறப்படும். பாலனும் நானும் அதில் ஏறவேண்டும். அதற்குமுன் காலையில் ஒரு சின்ன வேலை. கேரித்தீவின் சதுப்புக்காட்டுக்கு எதிரே இருந்த சேற்றுத் திட்டின் விளிம்பில், ஏற்கெனவே ஆழம் அளந்த சில கோடுகளில் படகைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். படகை என்னிடம் கொடுத்தார்கள். ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சௌண்டரில் பாலன். மூன்றாவது ஆள் ஹமிட், திரங்கானு கடற்கரை ஊர்க்காரன், முதல் கிளாஸ் லாஸ்கார். தண்ணீரில் பிறந்தவன்போல நீந்துவான்.

வேலை நன்றாகவே போனது. எக்கோ சௌண்டரின் ஊசி காகிதத்தைச் சுட்டுக்கொண்டே போகும். அந்தக் கருகல் வாசனையும் எஞ்சின் சத்தமும் சேர்ந்தால் எனக்குத் தாலாட்டு மாதிரி. கடைசிக் கோட்டில் திடீரென்று எஞ்சின் முக்கி, இருமி, நின்றது. அறுந்து மிதந்த பழைய வலை ஒன்று படகைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொண்டது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். நீரோட்டம் எங்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. நங்கூரத்தைப் போட்டேன், குழைந்த சேற்றில் அது பிடிக்காமல் உழுதுகொண்டே வந்தது. ஹமிட் கத்தியை வாயில் கடித்துக்கொண்டு குதித்தான். வலையை அறுத்து முடிப்பதற்குள் படகின் அடி சேற்றைத் தொட்டது. சத்தமே இல்லை. மெத்தையில் உட்கார்ந்தமாதிரி இருந்தது.

"தள்ளிப் பார்க்கிறேன்," என்று ஹமிட் இடுப்பளவு தண்ணீரில் படகின் முனைக்கு நடந்தான். அடுத்த அடி எடுத்தவன் அலறினான். திருக்கையை மிதித்துவிட்டான். மீன் வாலைச் சுழற்றிக் கணுக்காலுக்கு மேலே குத்திவிட்டுப் போய்விட்டது.

அவனைத் தூக்கிப் படகில் போட்டோம். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. திருக்கை குத்தினால் காலைச் சுடுதண்ணீரில் வைக்கவேண்டும் என்பது எல்லா மாலுமிக்கும் தெரியும். பிளாஸ்க்கில் இருந்த சுடுதண்ணீரை வாளியில் ஊற்றிக் கடல்தண்ணீரைக் கலந்து காலை உள்ளே வைத்தோம். அந்த வலியிலும் அவன், "கோப்பியையும் ஊத்திடாதீங்கடா, வீணாயிடும்," என்று மலாயில் முனகினான். பிறகு பேச்சு நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்க ஆரம்பித்தான்.

வாக்கி-டாக்கியில் கப்பலைக் கூப்பிட்டேன். கேப்டனே பேசினார். கப்பல் தூரத்தில் நின்றது. அதன் இன்னொரு படகு இந்த வற்றிய தண்ணீரில் எங்களுக்குப் பக்கத்தில் வரமுடியாது.

"போற வர்ற மீன்படகு ஏதாவது இருந்தா நிப்பாட்டு. ஜெட்டிக்கு ஆம்புலன்ஸ் வரச்சொல்றேன்," என்றார். "படகு உன் பொறுப்பு, மாணிக்கம். யார் போறது, யார் இருக்கறதுன்னு நீயே முடிவு பண்ணு."

தெய்வம் அனுப்பினதுபோல, கேத்தாம் தீவுக்கார நண்டு பிடிப்பவர் ஒருவர் சம்பான் என்ற சின்னத் தட்டைப்படகில் வந்தார். வயதான சீனர். படகு நிறையக் கூண்டுகள். எங்கள் நிலையைப் பார்த்ததும் கேள்வியே கேட்காமல் கூண்டுகளில் பாதியைத் தூக்கிச் சேற்றில் போட்டுவிட்டு இடம் செய்தார். "படுத்தவனோட ஒரு ஆள் வரலாம்," என்றார் மலாயில். "சீக்கிரம். இன்னும் கொஞ்ச நேரம் நின்னா நானும் உங்களோட உக்கார வேண்டியதுதான்."

ஹமிட்டைச் சம்பானில் இறக்கினோம். பாலன் என் சட்டையைப் பிடித்தான்.

"நீ போ லா. நீதான் போகணும். நம்பர்ல நீ முன்னாடி."

"போட்டை என்கிட்ட குடுத்திருக்காங்க, பாலா."

"அதை எனக்கு மாத்திக் குடு. நானும் லாஸ்கார் கானான் தானே? நான் பாத்துக்கறேன்."

மாற்றிக் கொடுத்திருக்கலாம். விதியில் அதற்கு இடம் இருந்தது; கேப்டனும் தடை சொல்லியிருக்கமாட்டார். நான் யோசிக்காமல் இல்லை. கமலாவின் ஜன்னல் கண்முன்னால் வந்தது. ஆனால் அன்று காலை படகை ஏற்றுக்கொண்டது நான். அது நான் ஓட்டிவந்த கோட்டில்தான் உட்கார்ந்துவிட்டது. ஏற்றத்தண்ணீர் திரும்பும்போது அந்தத் திட்டின்மேல் நீரோட்டம் எப்படி ஓடும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் அதை இன்னொருவன் கையில் விட்டுவிட்டு, மறுநாள் போர்டு முன்னால் போய் நின்று, 'தலைமை என்றால் என்ன?' என்று கேட்டால் நான் எதைச் சொல்வது?

"நீ போ," என்றேன். "ஹமிட்டைச் சேத்துட்டு நேரா லோரிக்குப் போ. நீயும் போகலன்னா அந்த இடம் வேற பிராஞ்சுக்குப் போயிடும்."

"நான் எப்படிடா அங்க போய் நிப்பேன்?"

"நேராத்தான் நிக்கணும். சாஞ்சு நின்னா பாயின்ட் வெட்டுவாங்க."

அவன் சிரிக்கவில்லை. சீனர் எஞ்சினை இழுத்தார். சம்பான் ஒடுங்கிய தண்ணீர்த் தடத்தில் வளைந்து வளைந்து போனது. பாலன் என்னைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். ஹமிட்டின் தலை அவன் மடியில் இருந்தது.

4. கடல் இல்லாத கடல்

பிறகு கடல் போய்விட்டது.

வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. படகைச் சுற்றியிருந்த தண்ணீர் மெல்லியதாகி, பளபளப்பாகி, கடைசியில் பளபளப்பு மட்டும் மிஞ்சியது. கண்ணுக்கு எட்டியவரை சேறு. அதில் வானம் அப்படியே விழுந்துகிடந்தது. மேகம் ஒன்று எனக்கு மேலேயும் போனது, கீழேயும் போனது. நடுவில் நான் ஒரு சாய்ந்த படகில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் கோபம்தான். வலையை விட்டவன்மேல், திருக்கையின்மேல், பாலன்மேல்கூட. படகில் நின்று சத்தமாக ஏதோ திட்டினேன். அந்தச் சத்தத்தைச் சேறு வாங்கி வைத்துக்கொண்டது, எதிரொலிகூட வரவில்லை.

அதன்பிறகு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. யாரோ ஆயிரம் பேர் மெதுவாக விரலைச் சொடுக்குவதுபோல. பார்த்தால், சேற்றின் துளைகளிலிருந்து நண்டுகள் வெளியே வந்துகொண்டிருந்தன. விரல்நகம் அளவு நண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கை மட்டும் பெருத்து, ஆரஞ்சு நிறத்தில். எல்லாம் சேர்ந்து அந்தக் கையைத் தூக்கித் தூக்கி அசைத்தன. யாரையோ வழியனுப்புவதுபோலவும் இருந்தது, வரவேற்பதுபோலவும் இருந்தது. கண்கள் தலைக்குமேல் நிற்கும் மீன்கள் துள்ளித் துள்ளிச் சேற்றின்மேல் நடந்தன. கொக்குகள் வந்து இறங்கின. தூரத்தில், நீரில்லாத அந்த வெளிக்கு அப்பால், பெரிய சரக்குக் கப்பல் ஒன்று தரைமேல் நடந்து போவதுபோல நகர்ந்தது.

இறங்கி, விசிறியில் மிச்சமிருந்த வலையை அறுத்தெடுத்தேன். கோடுபோட்ட பலகை ஒன்று படகில் இருந்தது. முழங்கால் வரை புதைந்து நடந்து, அதைத் திட்டின் உச்சியில் ஊன்றினேன். வேறு வேலை இல்லை. தண்ணீர் திரும்பும்போது எழுதுவதற்கு ஆகட்டும் என்று நினைத்தேன். திரும்பி வந்து படகில் சாய்ந்து உட்கார்ந்தேன். வெயில் தணிந்து வெளிச்சம் தேன்மாதிரி ஆனது.

லோரி இப்போது புறப்பட்டிருக்கும் என்று தோன்றியது. மனசுக்குள் அதன் பின்னாலேயே போனேன். காப்பார் கடைத்தெரு. கோல சிலாங்கூர்ப் பாலம். சபாக் பெர்ணம் பக்கத்தில் நெல்வயல், தென்னை. பின்பக்கப் பலகையில் பாலன் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஓர் இடம் காலி. அந்த இடத்தில் நான் உட்கார்ந்துபார்த்தேன். பிறகு இறங்கிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை, அப்போது மனசு லேசாகத்தான் இருந்தது. இரண்டு நங்கூரமும் வேண்டாம், இந்த ஒன்றும் வேண்டாம், இந்த வெளிச்சம் இப்படியே இருந்தால் போதும் என்று இருந்தது. அது உண்மையான நினைப்பா, தனிமை செய்த வேலையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஏற்றத்தண்ணீர் அலையாக வரவில்லை. நண்டுகள்தான் முதலில் தெரிந்துகொண்டன. எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போய்விட்டன. துளைகளிலிருந்து குமிழிகள் வந்தன. பிறகு கண்ணாடித்தாள் விரிப்பதுபோல ஒரு மெல்லிய நீர் வந்து படகைச் சுற்றிக்கொண்டது. படகு தூக்கத்தில் புரள்வதுபோல அசைந்தது. சூரியன் இறங்கும் வேளையில் எஞ்சினைக் கிளப்பினேன். கிளம்பியது. நண்டுக்காரரின் கூண்டுகளை முதலில் ஏற்றிக்கொண்டேன். அப்புறம் பலகையைப் பிடுங்கிக்கொண்டு, வந்த தடத்திலேயே கப்பலுக்கு ஓட்டினேன்.

5. கமலா சொன்னது

மறுநாள் காலை கேப்டன் என்னைக் கரைக்குப் போகச் சொன்னார். "ஹமிட்டைப் பாத்துட்டு வீட்டுக்கும் போயிட்டு வா," என்றார். என் தோளில் கைவைத்தார். அவர் அப்படிச் செய்கிறவர் அல்ல.

ஹமிட் தேறியிருந்தான். கால் தலையணை அளவுக்கு வீங்கியிருந்தாலும், பக்கத்துக் கட்டில்காரரிடம் அந்தத் திருக்கையின் அகலத்தைக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை. கமலாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் குரல் கேட்டது.

"சாப்பிட்டீங்களா?"

"கமலா, நேத்து..."

"தெரியும். நேத்து எனக்குக் கேஷுவல்டி டியூட்டி. அந்த ஹமிட்டை இறக்கினப்ப நான்தான் அங்க நின்னேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"சிவபாலன் அண்ணன் அவரை உள்ள விட்டுட்டு வாசல்ல பெஞ்சுல உக்காந்துக்கிட்டாரு," என்றாள். "என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு அழுவுறாரு. 'நான் போகல, கமலா. அவன் இடத்துக்கு நான் போகமாட்டேன்'னு. லோரி போற நேரமாச்சு, மனுசன் அசையல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நான்தான் ஜெட்டிக்கு டாக்சி புடிச்சு ஏத்தி விட்டேன். 'போங்கண்ணே, மொதல்ல கெளம்புங்க'ன்னேன்."

"நீயா?"

"பின்ன? நீங்க அங்க சேத்துல தனியா உக்காந்திருக்கறது வீணா போகக்கூடாதுல்ல?"

இதைச் சொல்லிவிட்டு அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டாள். கரண்டி சட்டியில் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டது. திரும்பாமலே, "எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்றாள்.

எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோற்றைப் போட்டாள். நான் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்தாள்.

"தனியா என்ன பண்ணீங்க அங்க?"

சொன்னேன். கடல் போனதை, மேகம் கீழே போனதை, நடந்த கப்பலை. சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. "ம், சொல்லுங்க," என்றாள். நண்டுகளைச் சொல்லும்போது வார்த்தை போதாமல், சோற்றுக்கையை அப்படியே தூக்கி அசைத்துக் காட்டினேன். கமலாவின் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை மேலே வந்தது. அதுவும் அசைந்தது. என் மகள் அன்றுதான் முதல்முறையாகத் தானாக என் பக்கம் வந்தாள்.

6. கட்டளை

பாலன் போர்டில் தேறினான். இரண்டு நங்கூரத்தோடு கப்பலுக்குத் திரும்பி வந்தவன் நேராக என் படுக்கைக்கு வந்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றான். "மேல் படுக்கை காலியாகுதுடா," என்றான். பிந்தாராக்களுக்குத் தனி மெஸ். சாப்பாடும் தூக்கமும் அங்கேதான். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போக நான் உதவினேன். அந்த மெஸ்ஸின் கதவு வரைக்கும்தான் நான் போகலாம். கதவு சாத்திக்கொண்டது.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பாலனால் எனக்கு வேலை சொல்ல முடியவில்லை. படகு இறக்கும்போது எல்லோர் முன்னாலும், "மாணிக்கம், முடிஞ்சா அந்தக் கயித்தைக் கொஞ்சம் பாக்கறியா?" என்பான். மற்றவர்களிடமும் குரல் இறங்கிப்போனது. சின்ன லாஸ்கார்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஒருநாள் அவன் தயங்கிய நேரத்தில் படகு சாய்ந்து ஒருவன் கை நசுங்கப் பார்த்தது.

அன்று அவனைக் கப்பலின் பின்பக்கம் கூட்டிப்போனேன்.

"ஏன் என்கிட்ட கெஞ்சற?"

"எப்படிடா உன்னை அதட்டறது? இது உன்னோடது." தன் கைச்சட்டையைத் தொட்டுக் காட்டினான்.

"என்னோடதா இருந்தா நான் போட்டிருப்பேன். நான் குடுத்த பிச்சை மாதிரி நீ அதைப் போட்டுக்கிட்டு நடந்தா, அன்னைக்கு நான் அங்க உக்காந்ததுக்கு என்ன மரியாதை? கமலா உன்னை டாக்சியில ஏத்தினதுக்கு என்ன மரியாதை?"

அவன் கைச்சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டான்.

மறுநாள் காலை படகுத்தளத்தில் அவன் குரல் வெடித்தது. "லாஸ்கார் கானான் மாணிக்கம்! முன்கயிறு!" கப்பலே திரும்பிப் பார்த்தது. நான் ஓடினேன். "முன்கயிறு தயார், பிந்தாரா!" என்று அவனைவிடச் சத்தமாகக் கத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. போர்டு அவனுக்கு நங்கூரத்தைக் கொடுத்தது லூமுட்டில். அவன் பிந்தாரா ஆனது அந்தக் காலையில்தான்.

எனக்கு அந்த இடம் வர இன்னும் சில வருடங்கள் ஆயின. நடுவில் ஒரு போர்டில் தோற்றேன். இன்னொரு வருடம் இடமே காலியாகவில்லை. கடைசியில் கிடைத்தபோது புதுச் சட்டையைக் கமலாவிடம் காட்டினேன். மலாயில் 'மூடா' என்றால் இளையவன். "முப்பது தாண்டிட்டீங்க, இப்பத்தான் இளையவராக்கியிருக்காங்களா?" என்று சிரித்தாள். பிறகு அந்தச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டாள், என்னைத் தொடவிடவில்லை. குவார்ட்டர்ஸில் ஜன்னல் கிழக்குப் பக்கம் இருந்தது.

தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பதவி உயர்வில் கைநழுவிப்போவது உங்களுடையது மட்டுமில்லை, வீட்டில் இருப்பவரும் சேர்ந்துதான் இழக்கிறார். அதனால் அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். உங்களைத் தாண்டிப் போனவனுக்குக் கீழ்ப்படியும்போது முழுசாகக் கீழ்ப்படியுங்கள். நீங்கள் தாண்டிப் போனால், பின்னால் நிற்பவனிடம் கூச்சப்பட்டுக் குழையாதீர்கள்; அதுபோல அவனைச் சிறுமைப்படுத்துவது வேறில்லை.

பிந்தாராவாக நான் போன முதல் கப்பலில் ஒஸ்மான் என்று ஒரு லாஸ்கார் கானான் இருந்தார். வயதில் என்னைவிட மூத்தவர். என்னோடு அதே போர்டில் நின்று, கிடைக்காமல் போனவர். முதல் நாள் காலை படகுத்தளத்தில் அவர் எனக்கு எதிரே வரிசையில் நின்றார். எங்கள் கண்கள் சந்தித்தன.

"லாஸ்கார் கானான் ஒஸ்மான்!" என்று நெஞ்சு நிறைய மூச்செடுத்துக் கூப்பிட்டேன். "படகை இறக்கு!"

"படகு இறங்குது, பிந்தாரா!" என்று அவர் அதற்கு மேல் சத்தமாகச் சொன்னார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. கயிறுகள் ஓடின. படகு கொஞ்சமும் சாயாமல், காலை வெளிச்சத்தில் மெதுவாக இறங்கித் தண்ணீரைத் தொட்டது.